மூளையில் கட்டி: டாக்டர் பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை எப்படிப் படிப்பது?

பாமணிக்கரை:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் எனக்கு, உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மாவுக்கு 56 வயது. போன மாதம் சம்பா நடவு நடந்துகொண்டிருந்தபோது வயலில் ஆட்களுக்கு நீராகாரம் ஊற்றிக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று ஃபிட்ஸ் வந்துவிட்டது. சொம்பைப் பிடித்திருந்த கை முதலில் வெட்டி வெட்டி இழுத்ததாம், சொம்பு வரப்பில் விழுந்ததாம், அதற்கப்புறம்தான் ஆள் சாய்ந்தார் என்று பக்கத்தில் நின்ற சித்தி சொல்கிறார். இதற்கு முன் தலைவலி என்றுகூட அம்மா படுத்ததில்லை. மன்னார்குடி அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். தனியார் சென்டர் ஒன்றில் எம்ஆர்ஐ எடுத்தோம்.

ரிப்போர்ட்டில் இருப்பதை அப்படியே அடிக்கிறேன். மேலே: லெஃப்ட் ஃப்ரான்டல் பகுதியில் எக்ஸ்ட்ரா ஆக்சியல் லீஷன், 3.8 × 3.2 செ.மீ., ஹோமோஜீனியஸ் என்ஹான்ஸ்மென்ட், டியூரல் டெயில் தெரிகிறது. கீழே முடிவாக இம்ப்ரெஷன் என்று போட்டு: ரைட் ஃப்ரான்டல் மெனிஞ்சியோமாவாக இருக்கலாம்.

இதுவரை இரண்டு டாக்டர்களைப் பார்த்தாகிவிட்டது. ஒருவர் போர்டில் பெயருக்குப் பின்னால் எம்எஸ், எம்சிஎச், அப்புறம் எஃப் என்று ஆரம்பிக்கும் எழுத்துகள் வரிசையாக மூன்று. அவர் ஆபரேஷன்தான், தள்ளிப்போட வேண்டாம் என்றார். இன்னொருவர் எம்டி, டிஎம் நியூராலஜி. அவர் ஃபிட்ஸ் மாத்திரை எழுதிக்கொடுத்து, படத்தை நல்ல நியூரோ ரேடியாலஜிஸ்ட் ஒருவர் பார்க்கட்டும், பிறகு சர்ஜனிடம் போங்கள் என்றார். நடுவில் அமெரிக்காவில் இருக்கும் மாமா மகன் அங்கே பிரெய்ன் டியூமருக்கு என்றே இருக்கிற டாக்டர்கள் ஆறு பேருடைய விவரத்தை அனுப்பி, இவர்களில் யாரிடமாவது ஆன்லைனில் கருத்துக் கேட்கலாம் என்கிறான். அதைப் படித்தால் யார் வெட்டுகிறவர், யார் மருந்து கொடுக்கிறவர், யார் படம் பார்க்கிறவர் என்று ஒன்றும் விளங்கவில்லை.

இந்தப் பட்டங்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்? எங்கள் அம்மா தலையைத் தொடப்போகிறவர் என்ன படித்திருக்க வேண்டும்? நீங்கள் எங்கே படித்தீர்கள் என்று டாக்டரிடமே கேட்டால் கோபித்துக்கொள்வாரா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ராத்திரியில் தூக்கமே வருவதில்லை.


அரசலாறு:

தம்பி, நான் கும்பகோணத்தில் ஸ்கேன் டெக்னீஷியன், 14 வருடமாக எம்ஆர்ஐ மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் கட்டி என்ன கட்டி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் நீங்கள் அடித்திருப்பதை மூன்று தடவை படித்துவிட்டேன். மேலே லெஃப்ட் என்று இருக்கிறது, கீழே ரைட் என்று இருக்கிறது. நீங்கள் அடிக்கும்போது மாறிவிட்டதா, தாளிலேயே அப்படித்தானா? பட்டத்தைப் பற்றியெல்லாம் பிறகு பேசலாம், முதலில் தாளை எடுத்துப் பாருங்கள்.

தாளிலேயே அப்படி என்றால் இது எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். படம் எடுப்பது எங்களைப் போன்றவர்கள், ரேடியோகிராபியில் டிப்ளமோவோ பிஎஸ்சியோ படித்தவர்கள். ரத்தக்குழாயில் மருந்து ஏற்றுமுன் சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஆளை அசையாமல் படுக்கவைப்பது, எந்த வரிசையில் படம் ஓட வேண்டுமோ அப்படி ஓட்டுவது எல்லாம் எங்கள் வேலை. படத்தைப் படித்துக் கையெழுத்துப் போடுவது ரேடியாலஜிஸ்ட். அவர் அதே கட்டிடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. ராத்திரி எடுக்கிற படம் நிறைய இடங்களில் இன்டர்நெட் வழியாக வேறு ஊருக்குப் போகும், அங்கிருந்து ரிப்போர்ட் வரும். அதைக் குறை சொல்லவில்லை, அந்த வசதி இல்லையென்றால் நம் பக்கத்தில் ராத்திரி பதினோரு மணிக்கு அடிபட்டு வருகிறவனுக்கு ரிப்போர்ட்டே கிடைக்காது. ஆனால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் அம்மாவைப் பற்றித் தெரிந்தது சீட்டில் எழுதியிருக்கும் ஒற்றை வரிதான். "ஃபிட்ஸ்" என்று மட்டும் இருந்திருக்கும். பழைய ரிப்போர்ட் ஒன்றை எடுத்து அதன்மேலேயே மாற்றி எழுதுகிற பழக்கமும் பல இடங்களில் உண்டு, அவசரத்தில் ஒரு சொல் மாறாமல் நின்றுவிடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் இதே மாதிரி பக்கம் மாறிய ரிப்போர்ட் ஒன்று ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் போய்விட்டது. அந்த சர்ஜன் ரிப்போர்ட்டை நம்பி உள்ளே போகிறவர் இல்லை, தானே படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்ப்பவர், அதனால் அங்கே நின்றது. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை.

இரண்டு விஷயம். ஃபிலிமோடு விட்டுவிடாதீர்கள், படங்கள் பதிந்த சிடி டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்கள். ஃபிலிமில் இருப்பது பொறுக்கியெடுத்த படங்கள், சிடியில்தான் எடுத்தது முழுக்க இருக்கும், பெரிய டாக்டர்கள் கேட்பதும் அதைத்தான். இன்னொன்று, ஃபிலிமைப் பார்க்கும்போது அம்மா உங்கள் எதிரே முகம் காட்டி நிற்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவருடைய இடது பக்கம் உங்கள் வலது கைப்பக்கம் வரும். ஓரத்தில் எழுத்தும் போட்டிருக்கும்.

அப்புறம் ஒன்று கேட்கிறேன். சொம்பு எந்தக் கையில் இருந்தது?


பாமணிக்கரை:

அண்ணா, தாளிலேயே அப்படித்தான் இருக்கிறது. மேலே லெஃப்ட், கீழே ரைட். இரண்டு டாக்டர்களிடமும் இந்தத் தாளைத்தான் காட்டினேன், எனக்குக் கண்ணில் படவேயில்லை. சித்தியிடம் இப்போதுதான் ஃபோனில் கேட்டேன். வலது கை. அம்மா வலது கையால்தான் ஊற்றுவார், இழுத்ததும் அந்தக் கைதான் என்று உறுதியாகச் சொல்கிறார்.


குடமுருட்டி:

வணக்கம். சொந்த ஊர் திருவையாறு, ரேடியாலஜி எம்டி இரண்டாம் வருடம் படிக்கிறேன். உங்கள் அம்மாவின் படத்தை நான் பார்க்கவில்லை, அதனால் நோயைப் பற்றி முடிவாக எதுவும் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் அந்த வலது கை ரொம்ப முக்கியமான தகவல். மூளையின் இடது பாதிதான் வலது கை காலை நடத்துகிறது. வலது கையில் தொடங்கிய ஃபிட்ஸ் இடது பக்கக் கட்டியோடு பொருந்திப்போகிறது, வலது பக்கக் கட்டியோடு பொருந்தாது. ஆக அநேகமாக ரிப்போர்ட்டின் மேல்பகுதி சரி, கீழே எழுதியது பிழை. இருந்தாலும் நாமே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். சென்டருக்குப் போய், கையெழுத்துப் போட்டவரே மறுபடி படத்தைப் பார்த்துத் திருத்திய ரிப்போர்ட் தரவேண்டும் என்று கேளுங்கள். பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்தால் வாங்காதீர்கள். அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வாக்கியமாக "வலது கையில்தான் ஆரம்பித்தது" என்று சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இனி பட்டங்கள். எல்லாரும் எம்பிபிஎஸ்ஸில்தான் தொடங்குகிறோம், நாலரை வருடம், அதற்குமேல் ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன். அங்கிருந்துதான் பாதை பிரிகிறது.

தலையைத் திறக்கிறவர் நியூரோசர்ஜன். பொது அறுவை சிகிச்சையில் மூன்று வருடம் எம்எஸ் முடித்து, அதற்குமேல் மூன்று வருடம் எம்சிஎச் நியூரோசர்ஜரி. எம்பிபிஎஸ் முடித்ததும் நேராகவே ஆறு வருடம் நியூரோசர்ஜரி படிக்கிற வழியும் உண்டு, அப்படிப் படித்தவர் பெயருக்குப் பின்னால் எம்எஸ் இருக்காது, அதனால் குறைவாக நினைத்துவிடாதீர்கள். எம்சிஎச்சுக்குப் பதில் டிஎன்பி, டிஆர்என்பி என்று இருக்கும், அது தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிற பரீட்சை, சமமானதுதான். எப்படிப் பார்த்தாலும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு பதினொன்று, பன்னிரண்டு வருடப் படிப்பு.

டிஎம் நியூராலஜி படித்தவர் கத்தி எடுக்கமாட்டார். பொது மருத்துவம் எம்டி முடித்து மூன்று வருடம் நரம்பியல் படித்தவர். ஃபிட்ஸை அடக்குவது, எந்த மாத்திரை எவ்வளவு நாள் என்பது அவர் துறை. நீங்கள் பார்த்த இரண்டாவது டாக்டர் சொன்னது எனக்கு நல்ல யோசனையாகவே படுகிறது. ஃபிட்ஸ் மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாமல் கொடுங்கள்.

படம் பார்க்கிறவர் எம்டி ரேடியோடயக்னோசிஸ், மூன்று வருடம். டிஎம்ஆர்டி என்று இருந்தால் இரண்டு வருட டிப்ளமோ, எஃப்ஆர்சிஆர் என்று இருந்தால் இங்கிலாந்துப் பரீட்சை. எங்களுக்குத் தலை முதல் கால் வரை எல்லாம் வரும். காலையில் பிள்ளைத்தாய்ச்சி வயிறு, மத்தியானம் முழங்கால், சாயங்காலம் தலை. இதற்குமேல் மூன்று வருடம் மூளையும் தண்டுவடமும் மட்டும் படித்தவர்தான் நியூரோ ரேடியாலஜி டிஎம். பெங்களூர் நிம்ஹான்ஸ், திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா, டெல்லி எய்ம்ஸ் மாதிரி சில இடங்களில்தான் அந்தப் படிப்பு. அதனால் அப்படிப்பட்டவர்கள் எண்ணிக்கை குறைவு. டிஎம் இல்லாமலே நரம்பியல் ஆஸ்பத்திரியில் பத்து வருடம் தலைப் படங்களை மட்டும் பார்த்துத் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள், எனக்குப் பாடம் சொல்லித்தரும் மேடம் அப்படிப்பட்டவர்தான், அவர் கண்ணுக்குத் தப்பி நான் இதுவரை ஒன்றையும் பார்த்ததில்லை.

எஃப் என்று தொடங்கும் எழுத்துகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதில் எஃப்ஆர்சிஎஸ் என்கிற பிரிட்டன் சர்ஜன் பரீட்சை மாதிரி கடினமானதும் உண்டு, இரண்டு வருடம் ராத்திரி பகலாக வேலை பார்த்த ஃபெலோஷிப் என்கிற மேற்பயிற்சியும் உண்டு, சில வாரங்கள் போய் நின்று பார்த்துவிட்டு வந்ததும் உண்டு. போர்டில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். "இந்த ஃபெலோஷிப் எங்கே சார், எவ்வளவு நாள்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ளமாட்டார்கள், உழைத்துப் படித்தவர்கள் அதைப் பற்றிப் பேச ஆசைப்படுவார்கள். அதைவிட முக்கியமான கேள்வி, இதே இடத்தில் இதே மாதிரி கட்டி வருடத்துக்கு எத்தனை எடுக்கிறீர்கள் என்பது. கூடவே, மயக்க மருந்து கொடுக்கிற நியூரோ அனஸ்தீசியா டாக்டர் யார், ஆபரேஷன் முடிந்த ராத்திரி ஐசியுவில் யார் இருப்பார் என்றும் கேளுங்கள். பதிவு எண் மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலின் பதிவேட்டில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம்.

மாமா மகன் அனுப்பிய பட்டியலில் எல்லாருக்கும் எம்டி என்று இருக்கும், அதைப் பார்த்துக் குழம்பியிருப்பீர்கள். அமெரிக்காவில் எம்டி என்பது நம் எம்பிபிஎஸ் மாதிரி அடிப்படைப் பட்டம். அதற்குப் பிறகு என்ன ரெசிடென்சி, அதாவது எந்தத் துறையில் ஆஸ்பத்திரிப் பயிற்சி என்று எழுதியிருக்கும், அங்கேதான் ஆள் யார் என்று தெரியும். நியூரோசர்ஜரி என்றால் ஏழு வருடம் பயிற்சி எடுத்த சர்ஜன். ரேடியாலஜி ரெசிடென்சிக்குப் பிறகு நியூரோ ரேடியாலஜி ஃபெலோஷிப் என்றால் படம் பார்க்கிறவர். நியூராலஜி ரெசிடென்சிக்குப் பிறகு நியூரோ ஆன்காலஜி ஃபெலோஷிப் என்றால் மூளைக் கட்டிக்கு மருந்து கொடுத்துத் தொடர்ந்து கவனிக்கிறவர், கத்தி எடுப்பவர் இல்லை. நம் ஊரில் அந்த வேலையை சர்ஜன், ரேடியேஷன் டாக்டர், கேன்சருக்கு மருந்து கொடுக்கிற மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட் மூன்று பேரும் பங்குபோட்டுப் பார்க்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கு நேர்ப்பொருத்தமான ஆள் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது உங்கள் அம்மாவுக்கு இல்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு. நம் நாட்டில் ஃபிட்ஸ் வந்து ஸ்கேனில் சின்ன வளையம் மாதிரி ஒன்று தெரிந்தால் எல்லாம் கேன்சர் இல்லை. காசநோய்க் கட்டியாக இருக்கலாம், நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டான வீக்கமாக இருக்கலாம். முன்பெல்லாம் இதில் பலருக்குத் தலையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள், இல்லையென்றால் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் கொடுத்திருக்கிறார்கள். வேலூர் சிஎம்சி டாக்டர்கள் 1990-களின் தொடக்கத்தில் நோயாளிகளை வரிசையாகப் பின்தொடர்ந்து, 20 மில்லிமீட்டருக்குக் கீழே இருக்கும் ஒற்றைக் கட்டி, மூளை நடுக்கோட்டைத் தள்ளவில்லை, நோயாளிக்கு வேறு தொந்தரவு இல்லை என்றால் அது பெரும்பாலும் புழுவால் வந்ததுதான், பல நேரம் தானே கரைந்துவிடும் என்று கண்டுபிடித்தார்கள். எத்தனையோ பேரின் மண்டையோடு திறக்கப்படாமல் தப்பியது அதனால்தான். இந்த நோய் நிறைய வரும் ஊரில் வேலை பார்த்த டாக்டருக்கு அது முதலிலேயே மனதில் வரும். டாக்டர் எங்கே படித்தார் என்பதோடு எந்த மக்களைப் பார்த்துப் பழகினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் எக்ஸ்ட்ரா ஆக்சியல் என்று இருப்பதற்கு, கட்டி மூளைச் சதைக்குள் இல்லை, வெளியே உறையை ஒட்டி இருக்கிறது என்று அர்த்தம். ஹோமோஜீனியஸ் என்ஹான்ஸ்மென்ட் என்றால் மருந்து ஏற்றியதும் கட்டி முழுக்க ஒரே சீராகப் பளிச்சென்று தெரிவது. டியூரல் டெயில் என்பது உறையில் வால் மாதிரி நீண்டு தெரிவது. மெனிஞ்சியோமாவில் இது அடிக்கடி வரும், வேறு சிலவற்றிலும் வரும். மெனிஞ்சியோமா என்பது மூளை உறையில் வளர்வது, பெரும்பாலும் சாதுவான கட்டி. முடிவைச் சொல்ல வேண்டியது கட்டியை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கிற பேத்தாலஜிஸ்ட். அதுவரைக்கும் "இருக்கலாம்"தான்.


வெண்ணாறு:

எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? தலை விஷயம். மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி மெட்ராஸ் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம், நன்றாக இருக்கிறார்.


குடமுருட்டி:

பெரியப்பா நன்றாக இருப்பதில் சந்தோஷம். மெட்ராஸ் போவது தப்பில்லை அண்ணா. ஆனால் பக்கம் மாறிய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போனாலும் அந்தப் பிழையும் கூடவே வரும். அதைச் சரிசெய்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகட்டும். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜிலும் நியூரோசர்ஜரி பிரிவு இருக்கிறது, சீர்காழி, மயிலாடுதுறைப் பக்கத்தவர்களுக்குப் பாண்டிச்சேரி ஜிப்மர் கைக்கெட்டும் தூரம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை கிடைக்கும், அட்டை இருந்தால் சேருமுன்பே காப்பீட்டுப் பிரிவில் காட்டுங்கள்.


உய்யக்கொண்டான்:

திருச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 2019-ல் அவருக்கு வந்தது உங்கள் அம்மாவுக்கு இருப்பதாகச் சொல்கிற கட்டி இல்லை தம்பி, கிளியோபிளாஸ்டோமா, மூளைக் கட்டிகளில் ரொம்ப மோசமானது. அதனால் எங்கள் கதையைப் படித்துப் பயந்துவிடாதீர்கள். டாக்டர்களைப் பற்றிக் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குத் தெரிந்த ஒரே டாக்டர் சர்ஜன். ஆபரேஷனை அவர் நன்றாகவே செய்தார், அப்பா மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து காப்பி கேட்டார், நாங்கள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டோம். அதற்குப் பிறகு எத்தனை பேர் வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எடுத்த சதையை ஒரு பேத்தாலஜிஸ்ட் பார்த்தார், கிளியோமா, கிரேடு 4 என்று இரண்டு வரியில் ரிப்போர்ட் வந்தது. அந்த ஆஸ்பத்திரியில் ஐடிஎச் என்கிற மரபணுச் சோதனை செய்யவும் இல்லை, செய்ய வேண்டும் என்று சொல்லவும் இல்லை. ரேடியேஷனுக்காக வேறு இடத்துக்குப் போனபோது அங்கிருந்த ரேடியேஷன் ஆன்காலஜி எம்டி படித்த பெண் டாக்டர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்து, "பிளாக் எங்கே?" என்று கேட்டார். எனக்கு என்ன பிளாக் என்றே தெரியவில்லை. எடுத்த சதையை மெழுகில் பதித்து ஒரு சின்னக் கட்டியாக வைத்திருப்பார்கள், அதுதான் பிளாக். பழைய ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்ச் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கினேன். தீப்பெட்டியைவிடச் சின்னது. ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன், வழி முழுக்க பையை மடியைவிட்டு இறக்கவில்லை.

இப்போது இந்தக் கட்டிகளுக்குப் பெயர் வைப்பதே மரபணுவையும் பார்த்துத்தான் என்கிறார்கள், உலக சுகாதார அமைப்பு 2021-ல் கொண்டுவந்த வகைப்பாடு அப்படி. ஆகவே பேத்தாலஜி ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர் மூளைக் கட்டிகளைப் பார்த்துப் பழகியவர்தானா என்பதையும் கேளுங்கள். அவர் முகத்தை நாம் பார்க்கவே போவதில்லை, ஆனால் அவர் எழுதுகிற ஒரு வரியை வைத்துத்தான் பின்னால் வருகிற அத்தனை மருந்தும்.

அப்பாவுக்கு ஆறு வாரம், முப்பது தடவை ரேடியேஷன், கூடவே தினமும் டெமோசோலோமைட் என்கிற கேன்சர் மாத்திரை. ஒன்றரை வருடம் எங்களோடு இருந்தார், அதில் ஒரு வருடம் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு இருந்தார், என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அப்போதுதான். ஒவ்வொரு எம்ஆர்ஐக்குப் பிறகும் கட்டி திரும்பியதா, ரேடியேஷனால் வந்த வீக்கமா என்று தெரியாமல் தவிப்போம். இரண்டும் படத்தில் ஒரே மாதிரி இருக்குமாம். அப்போது ஒரு நியூரோ ரேடியாலஜிஸ்ட் பழைய படங்கள் எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து, பெர்ஃபியூஷன் என்று ரத்த ஓட்டத்தைக் காட்டும் படத்தையும் வைத்து, இது வீக்கம்தான், இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று எழுதிக்கொடுத்தார். அவர் சொன்னபடியே இருந்தது. அந்த இரண்டு மாதத்தை அப்பா ஆஸ்பத்திரியில் கழிக்காமல் வீட்டில் கழித்தார்.

பழைய சிடி எதையும் தூக்கிப் போடாதீர்கள் தம்பி. ஒவ்வொன்றிலும் தேதி எழுதி வையுங்கள்.


உப்பனாறு:

சீர்காழியில் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மருத்துவம் தெரியாது. ஆனால் இந்தப் பேச்சில் ஒரு மனிதரை நினைக்காமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அவர் பிறந்தது எங்கள் ஊரில். டாக்டர் பி.ராமமூர்த்தி, 1922. திருச்சியில் பள்ளிப் படிப்பு, சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம், எஃப்ஆர்சிஎஸ், பிறகு இங்கிலாந்தில் நியூகாசிலில் மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சி. திரும்பி வந்து 1950-ல் சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் நியூரோசர்ஜரியைத் தொடங்கினார். அதற்கு ஒரு வருடம் முன்பு, 1949-ல் வேலூரில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியிருந்தார். அவர் கனடாவில் மான்ட்ரியாலில் பென்ஃபீல்ட் என்கிற பெயர்பெற்ற நியூரோசர்ஜனிடம் பயின்றவர். இவர்கள் இருவரும், டாக்டர் எஸ்.டி.நரசிம்மன், டாக்டர் பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951-ல் இந்திய நரம்பியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாட்டில் அந்தத் துறைக்கு மிகச் சிலர்தான் அப்போது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அவர்கள் தொடங்கியபோது சிடி ஸ்கேனே கிடையாது. உயிரோடிருக்கும் ஒரு நோயாளியின் தலையை முதன்முதலாக சிடி ஸ்கேனில் படம் எடுத்தது 1971 அக்டோபர் 1-ஆம் தேதி, லண்டனில். அந்த மெஷினைச் செய்த ஹவுன்ஸ்ஃபீல்ட் டாக்டர் இல்லை, இன்ஜினியர். அவரோடு சேர்ந்து அதை நோயாளிகளுக்குப் பயன்படுத்தியவர் ஆம்ப்ரோஸ் என்கிற ரேடியாலஜிஸ்ட். 1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும், அதற்கான கணக்கைத் தனியாகப் போட்டு வைத்திருந்த கார்மாக் என்கிற இயற்பியல்காரருக்கும் மருத்துவ நோபல் கிடைத்தது. எம்ஆர்ஐக்கு 2003-ல் நோபல் வாங்கியவர்களில் லாட்டர்பர் வேதியியல்காரர், மான்ஸ்ஃபீல்ட் இயற்பியல்காரர். நம் தலைக்குள் இருப்பதைப் பார்க்கக் கண் கொடுத்தவர்கள் பெரும்பாலும் மருத்துவப் பட்டம் இல்லாதவர்கள். இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்லும்போது கடைசி பெஞ்சு பையன்கூட நிமிர்ந்து உட்காருவான்.

அதற்கு முன்னால் இருபது வருடம் ராமமூர்த்தி போன்றவர்கள் கட்டி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்? மூளையின் அறைகளில் காற்றை ஏற்றியும், கழுத்து ரத்தக்குழாயில் மருந்து செலுத்தியும் எக்ஸ்ரே எடுத்தார்கள். அதற்கும் முன்னால் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கை முதலில் இழுத்தது, பேச்சு குழறியதா, எந்தக் கண் மங்கியது என்று கேட்டார்கள். அரசலாறு தம்பி கேட்ட அதே கேள்வி.


பாமணிக்கரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்த சென்டருக்கே போனேன். கவுன்டரில் இருந்த பெண், டாக்டர் பிஸி, தாளை வைத்துவிட்டுப் போங்கள் என்றார். குடமுருட்டி அக்கா சொன்னது நினைவிருந்ததால் சண்டை போடாமல், கையெழுத்துப் போட்டவரைப் பார்க்காமல் நகரமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்து அவரே வெளியே வந்தார். வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். தாளை வாங்கி இரண்டு வரியையும் பார்த்தார், முகம் மாறிவிட்டது. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து, ஓரத்தில் இருந்த எழுத்தைக் காட்டி, கட்டி இடது பக்கம்தான், கீழே எழுதியது தன் பிழை என்று மன்னிப்புக் கேட்டார். வலது கையில்தான் ஃபிட்ஸ் ஆரம்பித்தது என்று சொன்னேன். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றார்.

அம்மா அதுவரைக்கும் பேசாமல் இருந்தவர், "தம்பி, நீங்கதான் என் தலையைப் பார்த்தவரா? என்னைப் பார்க்கவே இல்லையே?" என்று கேட்டார். கோபமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவர் எழுந்து வந்து அம்மா எதிரே நின்று, இரண்டு கையையும் உள்ளங்கை மேலே தெரியும்படி முன்னால் நீட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். அம்மா பிச்சைக்கு ஏந்துகிற மாதிரி இருக்கே என்றுகொண்டே நீட்டினார். இடது கை அப்படியே நின்றது. வலது கை கொஞ்சம் கொஞ்சமாக உள்பக்கம் திரும்பிக் கீழே இறங்கியது, அம்மாவுக்கே அது தெரியவில்லை. நான் இத்தனை நாள் கூடவே இருந்தும் பார்த்ததில்லை. அதற்குப் பிறகுதான் அவர் உட்கார்ந்து புதிய ரிப்போர்ட்டை அடித்தார், வலது கையின் பலவீனத்தையும் சேர்த்து எழுதினார், பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சிடியும் கொடுத்தார், அதற்குப் பணம் வாங்கவில்லை. பெங்களூரில் டிஎம் முடித்த சீனியர் ஒருவரிடம் படத்தை அனுப்பிக் கருத்துக் கேட்டுச் சொல்வதாகவும் சொன்னார்.

முதலில் பார்த்த சர்ஜனிடமும் ஃபோனில் பேசினேன். அந்த மூன்று எஃப் எழுத்துகளைப் பற்றி குடமுருட்டி அக்கா சொன்ன மாதிரியே கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்ளவில்லை, ஒன்று ஒரு வருடம் மண்டையோட்டின் அடிப்பகுதிக் கட்டிகளுக்காக எடுத்த பயிற்சி, மற்ற இரண்டும் குறுகிய காலம் என்று அவரே சொன்னார். திருத்திய ரிப்போர்ட்டைப் பற்றிச் சொன்னதும், நான் படத்தை அன்றைக்கே பார்த்து இடது என்றுதான் குறித்து வைத்திருக்கிறேன், உன் சீட்டின் பின்பக்கத்தைப் பார் என்றார். திருப்பிப் பார்த்தேன். சின்னதாக ஒரு தலை வரைந்து, இடது பக்கத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்.

வியாழக்கிழமை காலை அவரிடம் போகிறோம். சிடி, ஃபிலிம், பழைய தாள், புதிய தாள் நான்கையும் மஞ்சள் பையில் எடுத்து வைத்துவிட்டேன், எல்லாவற்றிலும் தேதி எழுதியாகிவிட்டது. கட்டி எடுத்த பிறகு பிளாக் எங்கே வைப்பார்கள் என்றும் கேட்டுக்கொண்டு வந்து எழுதுகிறேன்.